கேம் செய்பவரின் கனவும் காசு போடுபவரின் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

வீடியோ கேம் துறையில் வேலை செய்கிறவர்கள் எழுதலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் தொட்டன. நாங்கள் செய்ய நினைத்த கேம் வேறு, மேலிடம் செய்யச் சொல்லும் கேம் வேறு என்பதே அந்த இடம். நான் லெவல் டிசைனராக இந்தத் துறைக்குள் வந்து, பிறகு பல வருடம் புரொடியூசராக இருந்தவள். டீமின் ஆசையை மேலிடத்துக்கும், மேலிடம் குறித்த தேதியை டீமுக்கும் எடுத்துச் சொல்வதுதான் அந்த வேலை. இப்போது சின்ன டீம்கள் கையெழுத்துப் போடும் முன் அவர்களுடைய ஒப்பந்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்கிறேன். அதனால் என் பதில்களில் காகிதமும் தேதியும் அடிக்கடி வரும். கலையைப் பற்றிய சண்டை பெரும்பாலும் அந்த இரண்டில்தான் முடிவாகிறது என்று உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: பெரிய ஸ்டுடியோ ஒன்றில் டிசைனராக இருக்கிறேன். தனியாக விளையாடும் கதை கேம் ஒன்றில் இரண்டு வருடமாக வேலை செய்கிறோம். திடீரென்று, "இதை ஆன்லைன் கேமாக மாற்றுங்கள், சீசன் பாஸ் (பருவத்துக்குப் பருவம் காசு கொடுத்து வாங்கும் சீட்டு) வேண்டும், உள்ளேயே கடை வேண்டும்" என்று உத்தரவு வந்திருக்கிறது. எங்கள் லீடுக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டச் சொல்கிறார். எதிர்த்துப் பேசுவதா, பேசாமல் வேலை மாறுவதா?

இந்த உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். பெரிய கேம்களின் செலவு எங்கேயோ போய்விட்டது. 2023-ல் அமெரிக்காவில் ஒரு வழக்கில் வெளியான ஆவணங்களில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 22 கோடி டாலர், 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்'டுக்குச் சுமார் 21 கோடி டாலர் என்று இருந்தது. இவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு, வெளியாகிற ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்று காத்திருப்பது மேலே இருக்கிறவர்களுக்குப் பெரிய பயம். கதை கேமை ஒருவர் ஒரு முறை வாங்குவார். லைவ் சர்வீஸ் கேம், அதாவது வெளியான பிறகும் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே நடத்தும் ஆன்லைன் கேம், ஓடினால் மாதாமாதம் பணம் வரும். 'ஃபோர்ட்நைட்' வெற்றியைப் பார்த்த பிறகு ஒவ்வொரு நிர்வாகக் கூட்டத்திலும் இந்தக் கணக்குதான் பேசப்பட்டது. அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த மருந்து பல இடங்களில் நோயாளியைக் கொன்றிருக்கிறது.

அர்கேன் ஆஸ்டின் ஸ்டுடியோவைப் பாருங்கள். 2017-ல் 'பிரே' செய்தவர்கள். ஓர் அறைக்குள் போக ஐந்து வழி வைத்து, எந்த வழி என்பதைத் தனியாக விளையாடுகிறவரின் யோசனைக்கு விட்டுவிடுவது அவர்களுடைய கைவண்ணம். அந்த டீமிடமிருந்து அடுத்து வந்தது 'ரெட்ஃபால்' என்ற, பலர் சேர்ந்து விளையாடும் துப்பாக்கிச் சண்டை கேம். வேலை நடந்துகொண்டிருந்தபோதே 'பிரே' செய்த பலர் விலகிப் போனார்கள். 2023 மே மாதம் கேம் வெளியானது, மோசமான விமர்சனம் வாங்கியது. 2024 மே மாதம் ஸ்டுடியோவையே மூடினார்கள். பயோவேர் கதையும் இதேபோலத்தான். கதைக்கும் கதாபாத்திரங்களுக்கும் பெயர் வாங்கிய ஸ்டுடியோ 2019-ல் 'ஆன்தம்' என்ற ஆன்லைன் கேமை வெளியிட்டது. எது நல்ல கேம் என்ற முடிவுக்கு வரவே வருடங்கள் போய், உண்மையான தயாரிப்பைக் கடைசிக் காலத்தில் அவசர அவசரமாக முடித்தார்கள். அதே ஸ்டுடியோவின் 'டிராகன் ஏஜ்' நான்காம் பாகம் கதை கேமாகத் தொடங்கி, இடையில் ஆன்லைன் வடிவத்துக்கு மாற்றப்பட்டு, மறுபடியும் தனியாள் கேமாகத் திருப்பப்பட்டது. 2024 அக்டோபரில் வெளியாகி, நிறுவனம் எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் எட்டியது. ஒரு கேமை நடுவழியில் இரண்டு முறை திருப்பினால் போன வருடங்கள் திரும்பி வருமா?

இதையெல்லாம் உங்கள் மேலிடத்துக்குப் போய் ஒப்பிக்கச் சொல்லவில்லை. பழைய தோல்விகளைக் காட்டிப் பேசினால், "நம் டீம் அப்படி இல்லை" என்று முகத்துக்கு நேராக ஒரு பாராட்டைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். காட்டவேண்டியது உங்கள் கேமையேதான். நான் புரொடியூசராக இருந்த ஓரிடத்தில் இதே உத்தரவு வந்தது. எங்கள் லீட் டிசைனர் வாதாடவில்லை. ஏற்கெனவே முடிந்திருந்த ஒரு லெவலை எடுத்து, நான்கு பேர் சேர்ந்து விளையாடும்படி கச்சாவாக மாற்றினார். அந்த லெவலின் உயிரே ஒரு நீண்ட மாடிப்படிதான். மேலே ஏதோ நடக்கும் சத்தம் கேட்கும், விளையாடுகிறவர் ஒவ்வொரு படியாக ஏறுவார். நான்கு பேர் வந்ததும் இருவர் குதித்துக்கொண்டே ஓடினார்கள், ஒருவர் கதவைச் சுட்டுக்கொண்டிருந்தார், மேலே கேட்ட சத்தத்தை யாருமே கவனிக்கவில்லை. நிர்வாகத்தில் இருந்த மூன்று பேரை அழைத்து அவர்கள் கையிலேயே கன்ட்ரோலரைக் கொடுத்து விளையாட வைத்தார். அப்புறம் ஒரே ஒரு தாளைக் கொடுத்தார். எந்தெந்த லெவல்களை முழுதாகக் கலைத்துச் செய்யவேண்டும், அதற்கு எத்தனை ஆள், எத்தனை மாதம், வெளியீடு எந்த மாதத்துக்குத் தள்ளிப்போகும் என்பது மட்டுமே அதில் இருந்தது. உத்தரவு முழுதாகத் திரும்பிவிடவில்லை. இருவர் விளையாடும் தனிப் பகுதி ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள், கதையைத் தொடவில்லை. மாடிப்படி பிழைத்தது.

ஆகவே பேசுங்கள். ஆனால் விளையாடக்கூடிய ஒரு பில்டை வைத்துக்கொண்டு, செலவையும் தேதியையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். "இது எங்கள் பார்வைக்கு எதிரானது" என்ற வாக்கியத்தைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். அதை அவர்களுடைய கணக்கு அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாது, அதனால் அவர்கள் காதில் ஏறாது. உங்கள் லீட் தலையாட்டச் சொல்வதையும் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டீமில் இருக்கும் எல்லோருடைய சம்பளமும் அவர் தலையில் இருக்கிறது. அந்தத் தாளைத் தயாரிக்க அவருக்கு நீங்கள் உதவலாம்.

வேலை மாறுவதைப் பற்றி ஒன்று. 2023, 2024 இரண்டு வருடத்தில் மட்டும் உலகம் முழுக்க இந்தத் துறையில் 20,000-க்கும் அதிகமானோர் வேலை இழந்தார்கள். இன்னோரிடம் கையில் கிடைக்கும்வரை ராஜினாமா கடிதத்தை எழுதாதீர்கள். கடையும் சீசன் பாஸும் வடிவமைக்கிற வேலையே உங்கள் மேல் விழுந்து, காலையில் எழும்போதே மனம் கசக்கிறது என்றால், அடுத்த இடத்தைத் தேட அதுவே போதுமான காரணம். அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: தேதி வைத்து நெருக்கினால் படைப்பு கெட்டுப்போகும் என்று என் டீமில் எல்லோரும் நம்புகிறார்கள். உங்கள் கருத்து?

நான் அப்படி நம்பவில்லை. தேதியே இல்லாமல் என்ன ஆகும் என்பதற்கு 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' இருக்கிறது. 1997-ல் அறிவித்தார்கள், "முடியும்போது வரும்" என்றார்கள், செய்தவர்கள் கையில் பணமும் இருந்தது. புதிய தொழில்நுட்பம் வரும்போதெல்லாம் பழையதைப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். 2009-ல் டீமைக் கலைத்தார்கள். கடைசியில் வேறு ஸ்டுடியோ முடித்து 2011-ல் வெளியிட்டபோது, காத்திருந்தவர்களே சலித்துப் போனார்கள்.

மறுபக்கம் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'மஜோராஸ் மாஸ்க்'. 1998 நவம்பரில் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' கேமுக்கு அடுத்ததை ஒரு வருடத்தில் முடிக்கவேண்டும் என்று டைரக்டர் அவோனுமாவிடம் சொன்னார் மூத்த கேம் டிசைனர் மியாமோட்டோ. முந்தைய கேமின் உருவங்களையும் எஞ்சினையும் அப்படியே எடுத்தாளலாம். ஒரு வருடத்தில் பெரிய உலகம் கட்ட முடியாது. அதனால் சின்ன ஊர் ஒன்றில் 3 நாள் திரும்பத் திரும்ப நடக்கிற கதையாக மாற்றினார்கள். நிலா விழப்போகிறது, ஊரில் ஒவ்வொருவரும் அந்த 3 நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதே கேம். 2000 ஏப்ரலில் ஜப்பானில் வெளியானது. இன்றைக்கும் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் உண்டு. நேரம் இல்லாததால்தான் அந்தக் கற்பனை பிறந்தது.

அப்படியானால் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமருக்கு என்ன நடந்தது? 1982-ல் அடாரி நிறுவனம் 'ஈ.டி.' திரைப்படத்தை வைத்து கேம் செய்ய அவருக்குக் கொடுத்தது சுமார் ஐந்து வாரம். திறமைக் குறைவு என்று சொல்லவே முடியாது, அதே வருடம் வந்த அவருடைய 'யார்ஸ் ரிவெஞ்ச்' அடாரி கன்சோலின் மிகச் சிறந்த கேம்களில் ஒன்று. ஆனால் 'ஈ.டி.'யின் தேதியை முடிவு செய்தது கிறிஸ்துமஸ் விற்பனை. பட உரிமை பேரம் ஜூலை கடைசி வரை இழுத்தது, மிச்சமிருந்த வாரங்கள் புரோகிராமர் தலையில் விழுந்தன. விற்காத கார்ட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள், 2014-ல் தோண்டி எடுத்தார்கள்.

மஜோராவுக்கும் ஈ.டி.க்கும் நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான்: தேதியைச் சுருக்கியபோது கேமின் அளவையும் சுருக்கிக்கொள்ளும் அதிகாரம் செய்பவர் கையில் இருந்ததா? உங்கள் டீமிடம் தேதியைக் கொடுத்துவிட்டு, அம்சங்களின் பட்டியலையும் பூட்டி வைத்தால் அது திட்டமே இல்லை. இரண்டில் ஒன்றைத் திறந்து வையுங்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். எங்கள் டெமோவைப் பார்த்துவிட்டு ஒரு பப்ளிஷர் (கேமுக்குப் பணம் போட்டு வெளியிடுபவர்) ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். கேமின் கதையில் தலையிட மாட்டோம் என்று வாய்மொழியாகச் சொல்கிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல மனிதராகவே இருக்கட்டும். அடுத்த வருடம் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம், அல்லது அந்த நிறுவனத்தையே இன்னொருவர் வாங்கிவிடலாம். உங்களோடு கடைசிவரை இருக்கப்போவது அந்தக் காகிதம் மட்டும். வழக்கறிஞரிடம் கட்டாயம் காட்டுங்கள். அதற்கு முன் நீங்கள் நால்வரும் உட்கார்ந்து படிக்க வேண்டிய சில இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் பணம் திரும்பும் வழி. பப்ளிஷர் 10 லட்சம் டாலர் அட்வான்ஸ் தருகிறார், கடைக் கமிஷன் போக வருகிற வருமானத்தில் உங்களுக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். (ஸ்டீம் போன்ற இணையக் கடை வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.) "அட்வான்ஸ் டெவலப்பரின் பங்கிலிருந்து கழிக்கப்படும்" என்று எழுதியிருந்தால், உங்கள் 20 சதவீதம் சிறுகச் சிறுகச் சேர்ந்து 10 லட்சம் ஆகும்வரை உங்களுக்கு ஒரு காசு வராது. அதற்கு வருமானம் 50 லட்சத்தைத் தொடவேண்டும். அந்த நாளில் பப்ளிஷர் கையில் 50 லட்சமும் இருக்கும். போட்ட 10 லட்சம் போக, மிச்சம் 40. உங்களுக்கு அன்றைக்குத்தான் கணக்கு தொடங்குகிறது. அதையே "மொத்த வருமானத்திலிருந்து முதலில் அட்வான்ஸ் கழியும், பிறகு பிரித்துக்கொள்வோம்" என்று மாற்றினால், 10 லட்சம் தாண்டிய உடனே உங்கள் பங்கு வரத் தொடங்கும். வருமானம் 50 லட்சத்தைத் தொடும்போது உங்களிடம் 8 லட்சம் இருக்கும். ஒரே ஒரு வரிதான். அந்த 8 லட்சத்தில் நீங்கள் நால்வரும் அடுத்த கேமை யாரிடமும் கைநீட்டாமல் தொடங்கலாம். விளம்பரச் செலவையும் கழித்துக்கொள்வோம் என்று இருந்தால், அதற்கு ஓர் உச்ச வரம்பு கேளுங்கள்.

அடுத்தது மைல்ஸ்டோன். அட்வான்ஸ் ஒரே மூச்சில் வராது. டெமோ, வெர்டிகல் ஸ்லைஸ் (முழுத் தரத்தில் முடித்த ஒரு சிறு பகுதி), ஆல்ஃபா, பீட்டா (கேமின் அடுத்தடுத்த சோதனை வடிவங்கள்) என்று ஒவ்வொரு கட்டத்திலும் பில்டைக் கொடுத்தால், பப்ளிஷர் ஏற்றுக்கொண்ட பிறகு அந்தத் தவணை வரும். "பப்ளிஷருக்குத் திருப்தி தரும் வகையில்" என்ற சொற்கள் அங்கே இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். கதையில் தலையிட மாட்டோம் என்று சொன்னவர்கள் கதைக்குள் நுழையும் வாசல் அதுதான். எனக்குத் தெரிந்த ஒரு டீம். மூன்றாவது மைல்ஸ்டோனைக் கொடுத்தார்கள், பக் எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் கதாநாயகி வயதானவளாக இருக்கிறாள், இளையவளாக்கினால் நன்றாக இருக்கும் என்ற "யோசனை" வந்தது. கட்டளை இல்லை, யோசனைதான். தவணை மட்டும் வரவில்லை. வாடகையும் சம்பளமும் நெருங்க நெருங்க அந்தப் பாட்டியின் முகத்திலிருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவர்கள் அழுதுகொண்டே அந்த மாடலை மாற்றினார்கள் என்பதை எனக்குச் சொன்னது அந்த ஆர்ட்டிஸ்ட். அதனால் ஒவ்வொரு மைல்ஸ்டோனிலும் என்னென்ன இருக்கவேண்டும் என்பதைப் பட்டியலாக எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ளது இருந்தால் ஏற்கவேண்டும், இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றதாகப் பொருள் என்றும் சேருங்கள்.

போனஸ் பற்றி ஒரு பழைய சம்பவம். 2010-ல் ஒப்சிடியன் ஸ்டுடியோ செய்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமுக்கு, விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 மதிப்பெண் வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. இதை 2012-ல் அந்தக் கேமில் முக்கியப் பங்காற்றிய கிறிஸ் அவெல்லோனே வெளியில் சொன்னார். யாரோ சில விமர்சகர்கள் கொடுக்கும் மதிப்பெண்ணில் உங்கள் வருமானத்தைக் கட்டாதீர்கள். விற்பனை எண்ணிக்கையில் கட்டுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரியது: பெயரும் உலகமும் கதாபாத்திரங்களும் யாருக்குச் சொந்தம்? கேம் டிசைனர் ஹிடியோ கோஜிமா 1987-லிருந்து வளர்த்த 'மெட்டல் கியர்' தொடரை 2015-ல் கொனாமி நிறுவனத்தை விட்டு வந்தபோது அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அது நிறுவனத்தின் சொத்து. பங்கி ஸ்டுடியோ 2010-ல் ஆக்டிவிஷன் என்ற பப்ளிஷரோடு ஒப்பந்தம் போட்டபோது 'டெஸ்டினி'யின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2019-ல் இருவரும் பிரிந்தபோது கேமைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியேறியது. அப்புறம் 'சைக்கோநாட்ஸ்'. மைக்ரோசாஃப்ட் நடுவில் கைவிட்டதை டபுள் ஃபைன் ஸ்டுடியோ இன்னொரு பப்ளிஷரிடம் கொண்டுபோய் 2005-ல் வெளியிட்டது. அப்போது அது சரியாக விற்கவில்லை. ஆனால் கேமின் உரிமை கைவிட்டுப் போகாததால் பிறகு தாங்களே மறுபடி விற்றார்கள், 2021-ல் இரண்டாம் பாகமும் செய்தார்கள். உரிமையைக் கொடுக்காமல் பணம் கிடைக்காத நிலை வரலாம். அப்போதும், பப்ளிஷர் ரத்து செய்தால், அல்லது இத்தனை வருடம் விற்காமல் வைத்திருந்தால், உரிமை உங்களிடம் திரும்பும் என்று ஒரு பிரிவைக் கேளுங்கள். கேட்டால் பலர் கொடுக்கிறார்கள். கேட்காதவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை.

கேள்வி: என் மகள் கேம் நிறுவனத்தில் நல்ல வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே தனியாக ஒரு கேம் செய்கிறாள். கேட்டால், ஒரே ஆள் செய்து கோடிக்கணக்கில் விற்ற கேம் இருக்கிறது என்கிறாள். உண்மையா? எனக்குத் தூக்கம் வரவில்லை.

உண்மைதான் ஐயா. அவள் சொல்வது 'ஸ்டார்டியூ வேலி'யாக இருக்கும். எரிக் பரோன் என்ற இளைஞர் படம், இசை, எழுத்து, புரோகிராம் எல்லாவற்றையும் தனியாகச் செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். இன்றுவரை 4 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. நாலு வருடத்துக்கும் மேல் அதைச் செய்துகொண்டிருந்தபோது அவர் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்தார். குடும்பச் செலவைத் தாங்கியது அவருடைய துணைவி. அந்த இரண்டாவது பாதியை மகள் உங்களிடம் சொன்னாளா என்று தெரியாது. இன்னொன்றும் உண்டு: ஸ்டீமில் ஒரு வருடத்துக்குப் பல்லாயிரம் புதிய கேம்கள் வருகின்றன, பெரும்பாலானவற்றின் பெயர்கூட நம் காதுக்கு வருவதில்லை.

அவளைத் திரும்ப வேலைக்குப் போகச் சொல்லாதீர்கள். இதுபோல் வெளியே வருகிறவர்களில் பலர் ஏதோ ஒரு கூட்டத்தில் தங்கள் வேலை கிழித்துப் போடப்பட்டதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்தக் காயம் ஆற ஒரு முழு வேலையைத் தானே முடிக்கவேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு கேள்விகளைப் பதற்றமில்லாமல் கேளுங்கள். கையில் இருக்கும் பணம் எந்த மாதம்வரை வரும்? அதற்கு முன்னால் அந்நியர்கள் விளையாடிப் பார்க்கிற மாதிரி ஒரு சின்னப் பகுதி தயாராகிவிடுமா? இரண்டுக்கும் பதில் வைத்திருந்தால் அவள் யோசித்துத்தான் இறங்கியிருக்கிறாள். முடிந்தால் நீங்களும் அந்தக் கேமை விளையாடிப் பாருங்கள். கன்ட்ரோலர் பிடிக்கத் தெரியாதவர் விளையாடுவதைப் பார்ப்பது ஒரு டிசைனருக்குக் கிடைக்கும் பெரிய உதவி.

கேள்வி: வெளியீட்டுக்கு முன் மூன்று மாதமாக ராத்திரி பதினொன்றுக்குத்தான் வீட்டுக்குப் போகிறோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேம் மேல் எங்களுக்கு இருக்கும் பாசத்தால் நாங்களே இருக்கிறோம். இதை கிரன்ச் என்று சொல்லிக் குறை கூறுவது சரியா?

சரிதான். கட்டாயம் இல்லை என்றால், உங்களில் ஒருவர் ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மற்றவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்தப் பார்வையில் கட்டாயம் இருக்கிறது.

2004 நவம்பரில் இணையத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கேம் செய்பவர் அல்ல, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸில் வேலை செய்த ஒருவரின் துணைவி. அவருடைய பெயர் எரின் ஹாஃப்மன் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. வாரம் ஆறு நாள், பிறகு ஏழு நாள், கூடுதல் நேரத்துக்குக் கூலி இல்லை, விடுப்பும் இல்லை என்று எழுதினார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு, ஆர்ட்டிஸ்ட்கள் தொடுத்த வழக்கில் 1.56 கோடி டாலரும், புரோகிராமர்கள் வழக்கில் 1.49 கோடி டாலரும் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் கேம் மேல் பாசம் இருந்தது. வீட்டில் காத்திருந்த ஒருவர் எழுதியபிறகே கதவு திறந்தது.

உங்கள் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. அதை ஒரு மேலாளர் அட்டவணையில் மனித உழைப்பாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறார் என்பதில்தான் எனக்குக் கோபம். இந்த மாதம் எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை செய்தோம் என்று நீங்கள் எல்லோரும் எழுதி வையுங்கள். அடுத்த கேமுக்குத் தேதி குறிக்கும்போது அந்த எண்ணை மேசையில் வையுங்கள். எழுதி வைக்காத உழைப்பு அடுத்த திட்டத்தில் இலவசமாகவே கணக்காகும்.

கேள்வி: கிரெடிட்ஸில் பெயர் வருவதற்கு ஏன் இவ்வளவு சண்டை? யாரும் படிப்பதில்லையே.

உங்களை அடுத்து வேலைக்கு எடுப்பவர் படிப்பார். 1970-களின் கடைசியில் அடாரி தன் டிசைனர்களின் பெயரை வெளியில் சொல்லவே மறுத்தது. வாரன் ராபினெட் 'அட்வென்ச்சர்' கேமில் ஒரு ரகசிய அறை வைத்து, அதற்குள் தன் பெயரை எழுதிவிட்டுப் போனார். டேவிட் கிரேன் உள்ளிட்ட நான்கு பேர், தங்கள் கேம்கள் நிறுவனத்தின் விற்பனையில் பெரும்பங்கு என்று கணக்குக் காட்டியும் பெயரும் பங்கும் கிடைக்காமல் 1979-ல் வெளியே வந்தார்கள். அவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் ஆக்டிவிஷன், கன்சோல் தயாரிக்காமல், பிறர் கன்சோலுக்குக் கேம் செய்த முதல் நிறுவனம். செய்தவரின் பெயரை அட்டையிலேயே போட்டார்கள். வெளியீட்டுக்கு முன் விலகியவர்களின் பெயரை நீக்குகிற பழக்கம் பல ஸ்டுடியோக்களில் இன்றும் இருக்கிறது. அது திருட்டு. கேம் டெவலப்பர்களின் சர்வதேசச் சங்கமான ஐஜிடிஏ இதற்கென்றே வழிகாட்டு விதிகள் வெளியிட்டிருக்கிறது. சேரும்போதே அதைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: படைப்பாளிகளை மதித்த கார்ப்பரேட் தலைவர் யாராவது உண்டா?

சடோரு இவாட்டா. புரோகிராமராகத் தொடங்கி நிண்டெண்டோ தலைவரானவர். 'வீ யூ' கன்சோல் விற்காமல் நஷ்டம் வந்தபோது, 2014-ல் தன் சம்பளத்தை ஐந்து மாதத்துக்குப் பாதியாக்கிக்கொண்டார். ஆட்குறைப்பு செய்யலாமே என்று பங்குதாரர்கள் கேட்டதற்கு, வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் மக்கள் மனதைத் தொடும் கேமைச் செய்ய முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார். மூன்று வருடத்தில் அதே டீம்கள் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேமைக் கொடுத்தன. அதைப் பார்க்க அவர் இல்லை, 2015-ல் இறந்துவிட்டார்.

கேள்வி: விளையாடுகிறவர்கள் நாங்கள் என்ன செய்யலாம்?

2017-ல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' கேமில் முக்கியக் கதாபாத்திரங்களைத் திறக்கப் பல மணி நேரம் உழைக்கவேண்டும், இல்லாவிட்டால் லூட் பாக்ஸில் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டியில்) பணம் போட்டு அதிர்ஷ்டம் பார்க்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். விளையாடுகிறவர்கள் கொதித்ததில், வெளியாவதற்கு முந்தைய நாள் பணம் போடும் வசதியையே நிறுத்தினார்கள். அடுத்த வருடம் பெல்ஜியம் அந்த வகை லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்றே சொன்னது. உங்கள் குரலுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. ஆகவே விமர்சனம் வரும்வரை முன்பதிவு செய்யாதீர்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: கோபத்தை நிறுவனத்தின் மேல் காட்டுங்கள். எக்ஸ் தளத்தில் (முன்பு ட்விட்டர்) பெயர் தெரிகிற ஒரே காரணத்துக்காக ஒரு ஜூனியர் டிசைனரைத் திட்டாதீர்கள். அந்த லூட் பாக்ஸை எதிர்த்துக் கூட்டத்தில் பேசியவரே அவராக இருக்கலாம்.

கேள்வி: மூன்று வருடம் செய்த கேமை ரத்து செய்துவிட்டார்கள். அறிவிக்கவே இல்லாததால் வெளியில் அப்படி ஒரு கேம் இருந்ததே யாருக்கும் தெரியாது. வேலை தேடும்போது எதைக் காட்டுவது?

மூன்று வருடம் ஓரிடத்தில் கிடந்து செய்தது இல்லாமலே போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மனம் ஆற நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வருவோம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் கேமின் பெயரையும் படங்களையும் புரோகிராமையும்தான் பெரும்பாலும் கட்டுப்படுத்தும். நீங்கள் கற்றதை அல்ல. நிறுவனத்துக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதுங்கள்: எந்தெந்தப் பகுதிகளை வேலை தேடக் காட்டலாம், நேர்காணலில் கடவுச்சொல் போட்டுக் காட்டலாமா என்று கேளுங்கள். டீமைக் கலைக்கிற சமயத்தில் எச்.ஆர். பிரிவில் கொஞ்சம் இரக்கம் இருக்கும், இரண்டு மாதம் கழித்துப் பதில் சொல்லவே ஆள் இருக்காது. அனுமதி வராவிட்டால், நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலை மட்டும் எடுத்து, புதிய படங்களோடு ஒரு சின்ன லெவலாகத் திரும்பக் கட்டுங்கள். ரெஸ்யூமில் "வெளியாகாத கேம், மூன்று வருடம்" என்று எழுதி, டீமின் அளவையும் உங்கள் பொறுப்பையும் குறிப்பிடுங்கள். இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்களுக்கு அந்த வரி புதிதல்ல. பரிந்துரை தரக்கூடிய லீட் ஒருவரின் சொந்த மின்னஞ்சல் முகவரியை, அலுவலகக் கணக்கு மூடப்படும் முன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.